துப்பாக்கி உரிமமும் இல்லறத்தான் விரதமும்

கொல்லாமையைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஊனுண்ணாமையோடு நின்றுவிடுகின்றன. நம் இல்லங்களில் ஊன் இல்லை. ஆதலின் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அவற்றால் சங்கடம் ஏதும் நேர்வதில்லை. சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன் என்னிடம் கேட்ட கேள்வி அத்தகையதன்று. அதனை இங்கு எழுத அவன் இசைவு தந்திருக்கிறான்.

அவன் ஒரகடம் பகுதியில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறான். குடியிருப்பு மணிமங்கலத்தில், ஏரிக்கு அருகில் ஒரு வாடகை வீடு. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். அங்குள்ள மணிலாக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிளறிவிடுவதால், அவன் பாட்டனார் காலத்திலேயே பயிர்ப் பாதுகாப்புக்கென ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றிற்கு உரிமம் பெற்றிருந்தனர். குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. வானை நோக்கி வெடித்து ஓசை எழுப்புவதைத் தவிர அது வேறெதுவும் செய்ததாக எங்கள் குடும்பத்தில் எவரும் சொன்னதில்லை. தேர்தல் வரும்போதெல்லாம் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் மீட்டு வருவார்கள். தகப்பனார் மறைவுக்குப் பின் உரிமம் மருமகன் பெயருக்கு மாறியது.

அவனுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் நீலகிரியைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் கடமான் வேட்டைக்கு வைத்திருந்த ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்தது. தேக்குப் பெட்டியில் பட்டுத்துணி சுற்றி வைத்த, பழுதற்ற பொருளாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்குப் பதிலாக இரண்டே வைத்துக்கொள்ளலாம். அவனிடம் இருப்பது ஒன்று. ஆகவே இன்னொன்றைச் சேர்க்க விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எந்த நோக்கத்திற்காக என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே என்ன எழுதுவது என்பதில் அவனுக்குத் தயக்கம்.

“மாமா, மானைச் சுடச் சட்டமே இடம் தரவில்லை. நானும் சுடப்போவதில்லை. நல்ல வேலைப்பாடு, அதற்காகத்தான் ஆசைப்படுகிறேன். வைத்திருப்பதில் என்ன பாவம் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

வேட்டை ஏழு விசனங்களுள் ஒன்று என்று சொல்லி நான் எழுந்துவிட்டிருக்கலாம். அவன் வேட்டையைப் பற்றிக் கேட்கவில்லையே!

சட்டத்தைப் பற்றி அவன் கூறியது உண்மை. நீலகிரியில் 1877இல் வேட்டையாடுவோரே ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் அம்மலைக்கென்று தனிச்சட்டம் பிறந்தது. விலங்கு அருகிப்போனால் வேட்டைக்கு ஒன்றும் எஞ்சாது என்னும் கவலையே அதன் தொடக்கம். (அச்சங்கமே பிற்காலத்தில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக உருமாறியது.) 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்கூட முதலில் சிலவகை வேட்டைக்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது, 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அக்கதவை மூடியது. மேலும், கொல்லுதலை மட்டுமன்றித் துரத்துதல், வலைவைத்தல், அவற்றிற்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் அச்சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. நாடாளுமன்றம் முயற்சி வரை வந்திருக்கிறது. நம் ஆசிரியர்கள் அதற்கும் முன்னே, எண்ணத்திலேயே தொடங்குகின்றனர்.

ஆயுதமே ஆகாது என்றும் அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஊரே ஒரு போர்க்களம். 7ஆம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அப்புலிகேசியின் வெற்றிகளை 634இல் ஐகொளே ஜினாலயத்தில் கல்லில் பொறித்த இரவிகீர்த்தி நம் சமயத்தவர். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தலைவர். இவர்களை நாம் அறநெறியினின்று விலக்கிவிடவில்லை. இல்லறத்தானுக்குச் சமையலிலும் உழவிலும் நேரும் ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை ஆகிய மூன்றும் குறைக்கத் தக்கவை. முற்றும் தவிர்க்க முடியாதவை. சங்கல்ப ஹிம்சை ஒன்றே, அதாவது கொல்வேன் என்று கருதிக் கொல்லுதலே, அணுவிரதியும் அறவே விட வேண்டியது. பாட்டனாரின் பழைய துப்பாக்கியை முதல் மூன்றனுள் எப்படியாவது அடக்கிவிடலாம். இந்த ரைஃபிளை எதில் அடக்குவது?

மான் வேட்டைக்குரிய ரைஃபிள் எதற்காகச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். இவ்வகை வேட்டை இன்றும் சட்டப்படி நடைபெறும் பிரிட்டனில், முன்பே சான்றிதழ் பெற்றவரும் மற்றொரு ரைஃபிளைச் சேர்க்க வேண்டுமாயின் காவல்துறைக்குத் தக்க காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், பெரும்பாலான மான்களுக்குக் குழலின் விட்டம் .240 அங்குலத்திற்குக் குறையலாகாது என்கிறது. குண்டு வலுவற்றதாயின் மான் காயத்தோடு ஓடி நெடுநேரம் துன்புற்று மடியும் என்பதே காரணம். இவ்விதியில் ஒருவகை இரக்கம் இருப்பதை மறுப்பதற்கில்லை.

அவ்வேட்டை நிகழும் முறையைப் படித்தபோதுதான் என் மனம் துணுக்குற்றது. வேட்டைக்காரர் விடியலுக்கு முன் எழுகிறார். காற்று வீசும் திசையை ஆராய்ந்து, சருகு ஒலிக்காதவாறு அடிமேல் அடி வைக்கிறார். மணிக்கணக்கில் அசையாது கிடக்கிறார். பசியும் குளிரும் பொறுக்கிறார். மூச்சை அடக்கிச் சிந்தையை ஒரு புள்ளியில் நிறுத்துகிறார். நம் முனிவர்களும் அடிமேல் அடி வைப்பவர்களே. மயிற்பீலியால் நிலத்தை வருடி, சிற்றுயிர் நசுங்காதவாறு நடக்கும் ஈரியா சமிதி அது. பரீஷகங்களைப் பொறுத்தலும் மனத்தை ஒருமுகப்படுத்தலும் அங்கும் உண்டு. நடையும் பொறையும் ஒருமையும் ஒன்றாக இருக்க, ஒருவர் உயிரைக் காப்பதற்கும் மற்றவர் உயிரைப் போக்குவதற்கும் அவற்றைச் செலவிடுகின்றனர். கோபத்தில் ஓங்கிய கைக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். இவ்வளவு பொறுமையோடு நிகழும் கொலைக்கு அதுவும் இல்லை. சங்கல்பம் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உருவத்தை நான் கண்டதில்லை.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் ஓநாய்கள் அழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்துவிடுகின்றன. பட்டினியால் மடிவதைவிடக் குண்டு மேலன்றோ என்று அந்நாட்டார் வாதிடுகின்றனர். ஓநாயை ஒழித்தது யார் என்று திருப்பிக் கேட்கலாமேயன்றி அவ்வாதத்தை எள்ளி ஒதுக்க இயலாது. ஆயினும் நம் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் இருக்கின்றன; அந்த வாதத்தை இரவல் வாங்கி இங்கே பேச முடியாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பொறுத்தவரை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவு செய்தது. அது தனியொருவர் கைக்கு வந்த உரிமையன்று.

“சுடப்போவதில்லை என்கிறேனே” என்றான் மீண்டும்.

யசோதரன் கொன்றதும் கோழியையன்று. மாவினால் செய்த கோழியைத்தான். நம் சிறுவர்க்கும் தெரிந்த கதை. வெட்டும் கையும் வெட்டும் எண்ணமும் மெய்யாக இருந்தமையால் பிறவிதோறும் அவன் அல்லலுற்றான். அதே கதையை 959இல் வடமொழியில் பாடிய சோமதேவ சூரி ஓர் உவமையும் தருகிறார்: மீன் ஒன்றும் அகப்படாத செம்படவன் கொல்லாதிருந்தும் பாவியாகிறான், எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிய உழும் உழவன் அவ்வாறு ஆவதில்லை. இருவரையும் பிரிப்பது அவரவர் பாவனை.

மருமகனுக்கு அப்பாவனை இல்லை என்பதை நான் நம்புகிறேன். எனினும் அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் அனர்த்ததண்ட விரதம் என ஒன்றை வைத்ததன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. பயனின்றி வரும் பாவங்களைத் தடுப்பது அவ்விரதம். கொலைக் கருவியைப் பிறர்க்கு ஈதலும், தீய நினைவில் மனத்தை ஓடவிடுதலும் அதில் விலக்கப்பட்டவை. சுவரில் மாட்டிய ரைஃபிளை ஒருவன் என்றாவது எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பான். குறிக்கண்ணாடி இருந்தால் அதன் வழியே ஏரிக்கரைக் கொக்கு ஒன்றை நோக்குவான். அக்கணத்தில் மனம் என்ன செய்கிறது? அவன் காலத்துக்குப் பின் அது எவர் கைக்குப் போகும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் என்னை மடக்கினான். “இந்த மணிமங்கலத்தைச் சுற்றி எத்தனை நெல்வயல்கள் மனையாகவும் தொழிற்சாலையாகவும் ஆயின மாமா! தவளையும் நத்தையும் நண்டும் எத்தனை மடிந்திருக்கும்? அந்தச் சம்பளத்தில் நான் சாப்பிடுகிறேன். அதற்கு உத்தியோக ஹிம்சை என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு தோட்டாவும் வெடிக்காத துப்பாக்கியைப் பாவம் என்கிறீர்களே!”

நியாயமான கேள்வி. பெயர் வைத்ததால் அந்த உயிர்கள் மீளப்போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். பிழைப்பிற்காக ஏற்றதைக் குறைப்பது ஒரு கடமை. பிழைப்பிற்கு வேண்டாததை ஏற்காதிருப்பது மற்றொரு கடமை. முன்னதில் தவறியது பின்னதிலும் தவறுவதற்கு உரிமம் ஆகாது என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அது போதுமானதாய் இருந்ததா என்பது எனக்குத் தெரியவில்லை.

பிறகு திருமலையைப் பற்றிப் பேசினோம். சிறுவனாக அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே ஏறியிருக்கிறேன். சுமார் 16 அடி உயரச் சிகாமணிநாதரை அண்ணாந்து பார்த்து அவன் அழுதது எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்புக்குரிய கதை. அந்த நேமிநாதர் தம் மணநாளில் தேரில் வருகையில், விருந்துக்கென அடைக்கப்பட்ட மான்களின் ஓலத்தைக் கேட்டார். அவர் அவற்றைப் பிடிக்கவில்லை; பிடிக்கச் சொல்லவுமில்லை. அவர் பெயரால் அவை அடைக்கப்பட்டிருந்தன, அவ்வளவே. தேர் திரும்பியது.

“உரிமத்தில் என் பெயர்தான் இருக்கும்” என்று அவனே மெல்லச் சொன்னான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினான். நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ரைஃபிளுக்கு வேறு மாவட்டத்தில், உரிமம் உள்ள ஒருவர் கிடைத்துவிட்டாராம். “நான் வாங்காததால் எந்த மானுக்கு என்ன லாபம் மாமா?” என்றான். மானுக்கு ஒன்றுமில்லை என்றேன். சிரித்தான்.

இப்போது பாட்டனாரின் துப்பாக்கிக்குரிய உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. அதனையும் ஒப்படைத்துவிடு என்கிறாள் என் தமக்கை. கொல்லையில் பன்றிகள் இவ்வாண்டு முன்னிலும் மிகுதி என்கிறான் குத்தகைக்காரன். நிர்வாண தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகிறேன். மூவரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.