பங்கு போட்டால் பாவம் குறையுமா?

தெற்கு அட்லாண்டிக் கடலில், தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கன் துறையில், 1913 கிறிஸ்துமஸ் அன்று ஒரு லுத்தரன் தேவாலயம் திறக்கப்பட்டது. நார்வேயில் அறுத்துத் தயாரித்த மரச்சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து, திமிங்கில வேட்டைத் தொழிலாளர்களே எழுப்பிய கோயில் அது. கார்ல் ஆன்டன் லார்சன் 1904இல் தொடங்கிய வேட்டை நிலையம் 1966இல் மூடப்பட்டது. இன்று கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் துருவேறிக் கிடக்க, தேவாலயம் பழுதுபார்க்கப்பட்டுப் பளிச்சென்று நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, ரத்தம் தோய்ந்த கைகள் எப்படி ஜெபத்துக்குக் குவிந்தன என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி தவறான ஆளைக் கூண்டில் ஏற்றுகிறது.

வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். ஹார்ப்பூன் பீரங்கியைச் சுட்டவர் கடலில் இருந்தார். கரையில், நீண்ட பிடியுள்ள வளைந்த கத்தியால் ஒருவர் கொழுப்பைக் கீறிக் கொடுக்க, நீராவி விஞ்ச் அதை வாழைப்பழத் தோல்போல் பட்டை பட்டையாக உரித்து இழுத்தது. வேறு சிலர் அதைத் துண்டாக்கிக் கொதிகலனில் தள்ளினார்கள். எலும்பை அறுக்கத் தனி ரம்பம். எண்ணெய் ஐரோப்பாவுக்குப் போய், ஹைட்ரஜனேற்றத்தில் மீன்வாடை போக்கப்பட்டு, மார்கரினாகவும் சோப்பாகவும் கடைக்கு வந்தது. 1904 முதல் 1965 வரை அந்தத் தீவில் மட்டும் சுமார் 1,75,000 திமிங்கிலங்கள் இப்படி முடிந்தன. கொன்றது யார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். கடனைப் பங்கு போட்டால் தலைக்குக் கொஞ்சமாகும். பாவத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. தின்பதற்காகக் கொல்வார் இல்லையென்றால் விற்பாரும் இல்லை என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் வாதிடுவது இதனால்தான். ரத்தத்துக்கு எவ்வளவு அருகில் நின்றார் என்பது அளவுகோல் அல்ல. எவ்வளவு தெரிந்திருந்தது, நிறுத்த எவ்வளவு முடிந்திருக்கும் என்பதே அளவுகோல்.

அந்தக் காலத்தில் யாருக்கும் இது தவறென்று தெரியாது, இன்றைய நியாயத்தை அன்றைக்குப் பொருத்தலாமா என்று கேட்பார்கள். 1925இல் அதே துறைக்குப் பக்கத்தில், கிங் எட்வர்ட் முனையில், பிரிட்டிஷார் கடலாய்வுக்கூடம் கட்டினார்கள். திமிங்கில இனம் தாக்குப்பிடிக்குமா என்ற கவலை அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது. செலவுக்குப் பணம் தந்தது திமிங்கில எண்ணெய் மீதான வரி. ஆபத்து தெரிந்த பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அறுப்பு தொடர்ந்தது. லாபம் தரும் அளவுக்குத் திமிங்கிலம் அகப்படாமல் போனதால்தான் அது நின்றது, இரக்கம் நிறுத்தவில்லை. ரொட்டியில் மார்கரின் தடவிய ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அந்தக் குடும்பத்துக்கும் குளிரில் கூலிக்கு நின்ற தொழிலாளிக்கும் பங்கு குறைவுதான், ஏனென்றால் அவர்கள் அறிந்ததும் கொஞ்சம், கையில் இருந்த அதிகாரமும் கொஞ்சம். ஆனால் அதே அளவுகோல், உரிமம் வழங்கி வரி வாங்கிய அரசையும், லாபப் பங்கு பெற்ற முதலாளிகளையும் முதல் வரிசைக்குக் கொண்டுவருகிறது. அவர்கள் கத்தியைத் தொடவே இல்லை.

ஆகவே அந்தத் தேவாலயத்தில் மண்டியிட்ட தொழிலாளியின் ஜெபம் போலி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. வாங்கும் பொருள் எங்கிருந்து, எந்த உயிரின் விலையில் வருகிறது என்று கேட்க வசதி இருந்தும் கேட்காதவருக்கு, கை சுத்தமாக இருப்பது ஒரு சாட்சியம் ஆகாது.