கேளாது திருத்தலாமா?

ஒருவர் ஒரு பெட்டியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, திரும்பி வரும்வரை வைத்திருக்குமாறு கூறிச் செல்கிறார். அண்டை வீட்டார் நல்லவர். பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த தாள்களை வரிசைப்படுத்தி, வெற்றுத்தாள் எனத் தமக்குத் தோன்றியவற்றை நீக்கி, அழகாகக் கட்டி வைக்கிறார். களவு இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. எனினும் உரியவர் வந்து பெட்டியைத் திறக்கும்போது, தாம் கொடுத்தது இதுவன்று என்றே உணர்வார். இதனை உதவி என்பதா, அடைக்கலப் பொருளுக்கு இழைத்த தீங்கு என்பதா? வினா பழையது. ஆயின் இன்று அது பள்ளி அலுவலக மேசையின்மேல் நாள்தோறும் எழுகின்றது; எழுவதைப் பலர் அறிவதுமில்லை.

கணினியில் உரைக் கோப்பு என்று ஒன்று உண்டு. எழுத்தும் எண்ணும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிவரியாக நிற்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இது பெயர், இது தொகை, இது நாள் என்று சொல்லும் குறி எதுவும் அதில் இராது. பழைய ஓலைச் சுவடியை இதற்கு ஒப்பிடலாம். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். பொருளறிந்து படிப்பவரே அவற்றை இட்டு நிரப்புதல் வேண்டும். எக்செல் முதலிய விரிதாள் மென்பொருள்கள் உரைக் கோப்பைத் திறக்கும்போது செய்வதும் ஒருவகையில் இதுவே. ஆனால் அவை பொருளறிந்து படிப்பதில்லை. வடிவைப் பார்த்து ஊகிக்கின்றன. எண்போல் தோன்றுவதை எண்ணாகவும், நாள்போல் தோன்றுவதை நாளாகவும் கொள்கின்றன.

அவ்வூகம் பெரும்பாலும் சரியாகவே அமைகின்றது என்பதை மறுத்தல் கூடாது. விலைப்பட்டியலைத் திறப்பவர் ஒவ்வொரு தொகையையும் எண் என்று அறிவிக்க வேண்டியிருந்தால் அக்கருவியை எவரும் நாடார். இடர் வேறிடத்தில் உள்ளது. மலேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கங்கள் கொண்டது; முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. ஆகவே 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். இடைக்கோடின்றி எழுதிய அவ்வெண்ணை விரிதாள் ஒரு தொகையெனக் கருதி, முன்னிற்கும் சுழியத்தை நீக்கிவிடும். 2000இல் பிறந்தவருக்கு இரண்டோ மூன்றோ சுழியங்கள் போய்விடும். முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்பது கணக்கில் எந்தத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்ததே. ஆனால் அடையாள எண் தொகையன்று. அதனை எவரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். பெயரின் முதலெழுத்தை மதிப்பற்றது என்று வெட்டும் உரிமை யாருக்கு உண்டு?

இதில் வியப்பு யாதெனின், வெட்டியவர் எவரும் இல்லை என்பதே. எழுத்தர் ஒருவர் கோப்பைத் திறக்கிறார். ஒரு மாணவனின் முகவரியை மட்டும் திருத்திச் சேமிக்கிறார். அவர் தொடாத மற்ற மாணவர் அனைவரின் சுழியங்களும் அக்கணமே அழிந்துபோகின்றன. பின்னொரு நாள் வேறொரு பட்டியலோடு ஒப்பிடும்போது எண் பொருந்தாமற்போய், ஒரு பிள்ளையின் பதிவு தடைப்படலாம். எழுத்தரைக் கேட்டால், தாம் அவ்வெண்களைத் தொடவே இல்லை என்பார், அது உண்மை. மென்பொருளை ஆக்கியோரைக் கேட்டால், பெரும்பாலோர்க்குப் பயன்படும் வழக்கத்தையே அமைத்தோம் என்பர், அதுவும் உண்மை. கருவிக்கோ மனமே இல்லை. அறநூல்கள் தீங்கைக் கண்டால் செய்தவனைத் தேடும். செய்தவன் ஒருவன் இல்லாமலே நிகழ்ந்துவிடும் தீங்கை எந்த அதிகாரத்தில் வைப்பது?

அறிஞர் உலகமும் இதற்குத் தப்பவில்லை. சில மனித மரபணுக்களுக்கு ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்பனபோன்ற சுருக்கப் பெயர்கள் வழங்கின. விரிதாள் அவற்றை மார்ச்சு முதல் நாள், செப்டம்பர் இரண்டாம் நாள் எனத் திருத்தியது. 2004இலேயே ஆய்வாளர் சிலர் இதுபற்றி எழுதி எச்சரித்தனர். பயன் சிறிதே. 2016இல் மெல்பர்ன் ஆய்வாளர் மூவர், விரிதாளில் மரபணுப் பட்டியல் இணைத்து வெளிவந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இவ்வகைப் பிழை இருப்பதைக் காட்டினர். இறுதியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வரையறுக்கும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், ‘செப்ட்’ என்பது ‘செப்டின்’ என்றும், ‘மார்ச்’ என்பது ‘மார்ச்எஃப்’ என்றும் மாறியிருந்தன. கருவிக்கு அறிவியல் பணிந்துவிட்டது என்று நகைத்தவர் உண்டு. அந்நகைப்பு முழுதும் நியாயமன்று. குழு தன் மாற்றத்தை ஊரறியச் சொல்லிச் செய்தது. பழைய பெயரையும் புதிய பெயரோடு சேர்த்தே பதிந்து வைத்துள்ளது. கருவி செய்யாததை அது செய்தது.

கருவி மாறியது அதன் பின்னரே. 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனம், முன்சுழியத்தை நீக்குதல், நீண்ட எண்ணைச் சுருக்குதல், எழுத்தும் எண்ணும் கலந்ததை நாளாக்குதல் போன்ற தானியங்கி மாற்றங்களைப் பயனரே நிறுத்திவைக்க வழிசெய்தது. எக்செல் முதன்முதல் வெளிவந்தது 1985இல் என்பதை எண்ணினால், இச்சிறு விடுதலைக்கு எத்துணைக் காலம் ஆயிற்று என்பது விளங்கும். எனினும் பழைய வழக்கமே இயல்பாக நிற்கின்றது. வேண்டாதவர் அமைப்புப் பகுதிக்குள் சென்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்ஙனம் ஒரு பகுதி உண்டென அறிந்தவருக்குச் சிக்கலே இல்லை. அறியாதவருக்கே இழப்பு.

புதுப்பிப்பு என்பது எப்போதும் நன்மையோடு மட்டும் வருவதுமில்லை. முன்னர் உரைக் கோப்பை இறக்குவதற்கு மூன்று படிகள் கொண்ட வழிகாட்டி ஒன்று இருந்தது. மூன்றாம் படியில், இந்நிரல் எண்ணன்று, எழுத்தே என்று குறித்துவிடலாம். அதனைப் பாடுபட்டுக் கற்ற ஆசிரியர் பலர். 2017இல் வந்த புதுப்பிப்பு அவ்வழிகாட்டியை ஒதுக்கிவைத்து, வேறொரு முறையை முன்னிறுத்தியது. புதிய முறை, வேறுவிதமாகச் சொல்லாவிடில், முதல் 200 வரிகளைப் பார்த்து நிரலின் தன்மையை முடிவுசெய்யும். பழையதை மீட்டுக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் தேடிக் கண்டாக வேண்டும். கற்றவரை மீண்டும் கல்லாதவராக்கும் இச்செயலை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலுமா?

அப்படியாயின் கருவிகள் மாறாமலே இருத்தல் நன்றோ எனின், அதற்கும் ஒரு வேடிக்கையான விடை உண்டு. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டன்று. ஆனால் 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் அதனை லீப் ஆண்டாகக் கொண்டது. பின்வந்த எக்செல், அதன் கோப்புகளோடு ஒத்துப்போதல் வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அப்பிழையை ஏற்றது. உலகில் இல்லாத 1900 பிப்ரவரி 29 அதில் இன்றும் உண்டு. திருத்தினால் மக்கள் எழுதி வைத்த எண்ணற்ற நாள்கள் ஒவ்வொன்றும் ஒரு நாள் பிறழும். பிறர் உடைமை குலையாதிருக்கப் பிழையைச் சுமப்பதும் ஒரு நேர்மையே எனலாம். பிழை இன்னதென்று வெளிப்படக் கூறப்பட்டிருப்பதால் அது ஓரளவு பொறுக்கத்தக்கதாகின்றது.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபட்டது. பல இடங்களில் ஏடே சிதைந்திருந்தது. அவரும் ஊகித்தவரே, ஊகியாமல் ஒரு வரியும் அச்சேறியிராது. ஆயினும் வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்தார். புறநானூற்றில் சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பாமல் புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். பின்வருவோர் அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம், மூலம் கைநழுவவில்லை. விரிதாளின் குறை அது ஊகிப்பது அன்று. ஊகித்ததைச் சொல்லாமல், மூலத்தையும் வைத்திராமல், தன் ஊகத்தையே மூலமாக்கி எழுதிவிடுவதே குறை.

லிப்ரே ஆபிஸ் என்னும் மென்பொருள், உரைக் கோப்பைத் திறக்குமுன் ஒரு பலகையைக் காட்டி, எந்நிரலை எவ்வாறு கொள்வது என்று கேட்கின்றது. கேட்பது நன்று. ஆனால் புதிய மாணவர் பதிவு நாளில், பெற்றோர் வரிசையாய் நிற்க, அலுவலக எழுத்தர் அவ்வினாவைப் படிக்கிறாரா? சரி என்னும் பொத்தானை அழுத்திவிடுகிறார். எண்ணுக்கும் எண்ணால் எழுதிய பெயருக்கும் உள்ள வேறுபாடு அறியாதவரிடம் வினாவை நீட்டுவது, பொறுப்பை அவர் தலையில் இறக்கி வைப்பதாகவும் முடியலாம். இவ்வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஒரு பாடவேளையே போதும். மாணவர் தம் அடையாள எண்ணை உரைக் கோப்பில் எழுதி, எக்செலில் திறந்து பார்க்கட்டும். 2010க்குப் பின் பிறந்தவர்கள் சுழியம் மறைவதைக் காணார். எண் சுருங்கித் தோன்றுவதை மட்டுமே காண்பர். அவர்கள் தங்கள் அண்ணன் அல்லது அக்காளின் எண்ணை எழுதிப் பார்த்தல் வேண்டும்.