தெய்வம் காயம்பட்ட மண்



திருமலை ஏறிப் பெருமாளைச் சேவித்து இறங்கி வந்திருக்கிறீர்கள். நாளைக் காலையில் காளத்திக்குப் புறப்படுகிறவர்கள் இருப்பீர்கள். சித்தூர் வழியாகப் போய், காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இருப்பீர்கள். நம் பக்கத்து ஜனங்கள் இந்த மூன்று தலத்தையும் ஒரே யாத்திரையில் முடித்துக்கொள்வது வழக்கம். இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. மூன்று இடத்திலும் தெய்வத்தின் திருமேனியிலிருந்து ரத்தம் வடிந்தது என்று தலவரலாறு சொல்கிறது.

காணிப்பாக்கத்தில் மூன்று சகோதரர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கொஞ்சம் நிலம், அதற்கு ஒரு கிணறு. கிணறு வற்றியது. உள்ளே இறங்கித் தோண்டினார்கள். கருவி கல்லில் பட்டது, கல்லிலிருந்து குருதி பொங்கியது. அந்தக் கல்தான் விநாயகர். அந்த நொடியிலேயே மூவரின் குறையும் நீங்கியது என்பது ஐதீகம்.

திருமலையில் நடந்தது வேறு மாதிரி. ராமானுஜர் கேட்டுக்கொண்டபடி புஷ்ப கைங்கரியத்துக்கு வந்தவர் அனந்தாழ்வான். நந்தவனத்துக்காக ஏரி வெட்டுகிறார். அவர் மண்ணை வெட்ட, நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி கூடையில் சுமக்கிறாள். ஒரு சிறுவன் வந்து, “நான் சுமக்கிறேன் அம்மா” என்கிறான். அனந்தாழ்வானுக்குப் பொறுக்கவில்லை. என் கைங்கரியத்தில் பங்கு கேட்க நீ யார் என்று விரட்டுகிறார். அவன் மறைந்து நின்று அந்த அம்மாளின் கூடையை வாங்கிக்கொள்கிறான். கண்டதும் கடப்பாரையை வீசிவிட்டார். அது பையனின் மோவாயில் பட்டது. பிறகு சந்நிதிக்குப் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். பதறிப்போய்ப் பச்சைக் கற்பூரத்தை வைத்து அழுத்தினார். இன்றைக்கும் அந்த மோவாயில் கற்பூரம் சாத்துகிறார்கள். கடப்பாரை மகாதுவாரத்தில் தொங்குகிறது, அடுத்த முறை போகும்போது நிமிர்ந்து பாருங்கள்.

இந்தக் கதையில் என்னை நடுங்கவைப்பது ஒன்று உண்டு. அந்தக் கடப்பாரையை வீசியது பகைவன் கை இல்லை, தொண்டன் கை. சேவை என்னுடையது என்ற எண்ணம் வந்த மாத்திரத்தில், யாருக்குத் தொண்டு செய்கிறோமோ அவருக்கே காயம் உண்டாகிறது. ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யப் போகிறவர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். நோயாளி கையில் ஒரு ஆப்பிளைக் கொடுத்து, அவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுப்பது தொண்டாகாது.

இப்போது காளத்திக்கு வருவோம். பின்னால் கண்ணப்பர் என்று பெயர் பெற்ற, வேடர் குலத்துத் திண்ணனாருக்கு அப்போது பதினாறு வயது. பூசை தொடங்கிய ஆறாம் நாள் இறைச்சியும் பூவும் வாய்நீருமாக ஓடி வருகிறார். சுவாமியின் கண்ணில் ரத்தம். அவர் செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் மயங்கி விழுகிறார், கையிலிருந்ததெல்லாம் சிதறுகிறது. எழுந்ததும் கோபம் வருகிறது. வில்லை எடுத்துக்கொண்டு, இதைச் செய்தவன் யார் என்று சுற்றிலும் தேடுகிறார். யாரும் இல்லை. திரும்பி வந்து கட்டிக்கொண்டு அழுகிறார். அழுகை ஓய்ந்ததும் காட்டுக்குள் ஓடுகிறார். புண்ணுக்கு வேடர்கள் இடுகிற பச்சிலைகள் அவருக்குத் தெரியும். பறித்து வந்து பிழிகிறார். ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அம்பை எடுத்துத் தம் கண்ணை அகழ்ந்து அப்புகிறார்.

நாம் கண்ணைக் கொடுத்ததை மட்டும் கொண்டாடுகிறோம். அதற்கு முன்னால் அவர் மூலிகை தேடி அலைந்ததை மறந்துவிடுகிறோம். நோயாளியின் வீட்டார் எல்லாருமே இந்த வழியாகத்தான் வருகிறார்கள். முதலில் திகைப்பு, அப்புறம் யார்மேலாவது கோபம், அப்புறம் அழுகை. அங்கேயே நின்றுவிடாமல் அடுத்தது என்ன செய்யலாம் என்று எழுந்தவர் கண்ணப்பர். சுவாமியின் இரண்டாவது கண்ணில் ரத்தம் வந்தபோது அவருக்குப் பயமே இல்லை. மருந்து இன்னதென்று தெரிந்துவிட்டது. இருந்தது ஒரே கவலை. தம் மற்றக் கண்ணையும் எடுத்துவிட்டால் வைக்க வேண்டிய இடம் தெரியாதே! சுவாமியின் கண்மேல் செருப்புக் காலை அடையாளமாக ஊன்றிக்கொண்டார். சாத்திரம் படித்தவனுக்கு அது அபசாரம், மருத்துவம் தெரிந்தவனுக்கு அது முன்னேற்பாடு. ஈசனுக்கு எது பிடித்தது என்பது உங்களுக்குத் தெரியும், கையை நீட்டி, கண்ணை அகழப்போன கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி காணிப்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பாகுதா நதிக்கரையில் இருக்கிறது. சங்கர், லிகிதர் என்ற சகோதரர்களின் கதை பாரதத்தில் வருகிறது. அண்ணன் தோட்டத்துப் பழத்தைக் கேளாமல் தின்றதற்கு, அரசனிடம் தாமே போய்த் தண்டனை கேட்டு இரண்டு கைகளையும் இழந்தவர் லிகிதர். பாகுதாவில் முழுகி எழுந்தபோது கைகள் திரும்பி வந்தன.

கை திரும்பி வருவது புராணத்தில் மட்டும் நடந்ததா? சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். 1946-இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், தமிழ் பேசியவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். வலி பொறுக்காமல் டாக்டரே கத்தும் அளவுக்கு அந்தப் பிடி இருந்தது. கையின் வலுவான தசைகள் சாகவில்லை என்பதை அந்த ஒரு பிடியில் தெரிந்துகொண்டார். முழங்கைப் பக்கத்து நரம்பு பழுதானதால் சில சிறு தசைகள் மட்டும்தான் செத்திருந்தன. வலுவுள்ள தசையின் நாண் ஒன்றை எடுத்து, செயலற்ற விரலோடு கொண்டுபோய் இணைத்தார். வாய்க்கால் தண்ணீரை வேறு வயலுக்கு மடை மாற்றுகிற வேலை அது. அதுவரை சோற்றைப் பிசைய முடியாதவர்கள் பிசைந்து உண்டார்கள். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் ஏற்பட்ட தொழுநோய் மருத்துவமனை அந்த வேலையைத் தொடர்ந்தது.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான பாடு. எந்த விரலை மடக்க நினைத்தால் எந்த விரல் அசைகிறது என்பதையே நோயாளி புதிதாகக் கற்க வேண்டும். நாள்தோறும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று சொல்ல வேண்டும். கை அசைந்தாலும் உணர்ச்சி திரும்பாது. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டாலும் சுடுவது தெரியாது. தூங்கும்போது விரலில் புதுப் புண் வருவது எப்படி என்று இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார்கள். எலி கடிக்கிறது, கடிபடுகிறவருக்குத் தெரியவில்லை! வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கத்தியும் உதவவில்லை. பக்கத்தில் விழித்திருந்த மனிதர்கள் உதவினார்கள்.

திருப்பதிக்கு வருவோம். தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை 1980-களிலிருந்து இளம்பிள்ளைவாதம் தாக்கியவர்களுக்கும் பிறவியிலேயே கைகால் வளைந்த குழந்தைகளுக்கும் அறுவை சிகிச்சை செய்து வருகிறது. தவழ்ந்து வந்த பிள்ளை காலிப்பர் மாட்டிக்கொண்டு நடந்து போகும். இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் நோய்வாய்ப்பட்டார். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் நம் நடுவில் இன்னும் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் பத்மாவதித் தாயார் பெயரில் குழந்தைகளுக்கென்று இருதய மருத்துவமனையும் திறந்தார்கள். உண்டியலில் நீங்கள் போட்ட காசு இப்படியும் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோயிலுக்கு இது புது வழக்கமும் இல்லை. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை (அந்தக் காலத்து ஆஸ்பத்திரி), ஒரு வைத்தியர், ஓர் அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சி நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், எல்லாருக்கும் நெல் இவ்வளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பணிவிடை செய்த பெண்களைப் பெருமாள் கோயில் கல்வெட்டு மறக்கவில்லை. நாம் டாக்டர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், இரவில் மூத்திரப் பாத்திரம் எடுத்த பெண்ணின் பெயரைக் கேட்பதுகூட இல்லை.

2000-ஆம் ஆண்டு திருமலையில் ஸ்ரீவாரி சேவை தொடங்கியது. வரிசையை ஒழுங்குபடுத்த, அன்னதானத்துக்குக் காய் நறுக்க எத்தனையோ பேர் வருகிறீர்கள். அந்த மனசோடு சில நாள் உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். முதலில் வார்டு சிஸ்டரைப் பாருங்கள், அவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள். ஊசி, மருந்து, கட்டு எதிலும் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு படுக்கைக்குப் போகும்முன்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். தனி ஆளாக முடியாது, சிஸ்டர் கூப்பிடும்போது இன்னொரு கையாக நில்லுங்கள். கூட ஆளில்லாமல் கிடப்பவருக்குச் சோறு ஊட்டுங்கள், எழுந்து உட்கார முடிகிறதா என்று கேட்டுவிட்டு.

சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்து அன்பர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உங்களுக்குத் தமிழும் தெலுங்கும் வரும். டிஸ்சார்ஜ் சீட்டை நோயாளிக்கு அவர் பாஷையில் எடுத்துச் சொல்லுங்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், தையல் என்றைக்குப் பிரிக்க வேண்டும், மறுபடி எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் வருவது என்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் செலவு வேறு. அதனாலேயே பலர் திரும்பி வருவதில்லை, நன்றாக நடந்த ஆபரேஷனும் வீணாகிறது. அந்தத் தேதியை உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போன் செய்யுங்கள். பஸ் காசு இல்லை என்றால் கொடுங்கள், காலையில் பஸ் ஸ்டாண்டில் நீங்களே போய் நில்லுங்கள்.