ததீசி கொடுத்தார், முயல் கொடுத்ததா?

விபத்தில் தாடை நொறுங்கியவருக்கும், புற்றுநோயால் காலெலும்பில் ஒரு பகுதியை இழந்தவருக்கும் அந்த இடைவெளியை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். வழக்கமாக அவரவர் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி எடுப்பார்கள். அதனால் இன்னொரு காயம், இன்னொரு வலி. எடுக்கக்கூடிய அளவும் குறைவு. அதற்காக வந்ததுதான் செயற்கை எலும்பு. நம் எலும்பிலுள்ள தாதுவைப் போன்ற கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு அதைச் செய்கிறார்கள்.

நல்ல விஷயம்தானே? ஆனால் அது மனித உடலுக்குள் போவதற்கு முன்னால், பெரும்பாலும் ஒரு முயலின் தொடையெலும்புக்குள்ளோ ஆட்டின் காலெலும்புக்குள்ளோ போகிறது. மயக்க மருந்து கொடுத்து, தானாக மூடிக்கொள்ளாத அளவுக்குப் பெரிய துளை போடுவார்கள். அதில் பொருளை வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு விலங்கைக் கொன்று, எலும்பை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

"பாவம்ங்க, இதெல்லாம் தேவையா?" என்று கேட்கலாம். வேண்டாமென்றால் முதல் சோதனை நோயாளியின் உடம்பில்தான். கிண்ணத்தில் வளர்க்கும் செல்கள், ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்று சொல்லும். ரத்தம் ஓடி, எடை தாங்கும் எலும்பு அதை ஏற்குமா என்று முழுசாகச் சொல்லாது.

இதை 'முயலின் தியாகம்' என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வஜ்ராயுதம் செய்யத் தன் எலும்பைத் தந்த ததீசி முனிவரிடம் தேவர்கள் வந்து கேட்டார்கள், அவர் சம்மதித்தார். அது தியாகம். முயலை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தது கடன்.

கடன்பட்டவனுக்குப் பொறுப்பு உண்டு. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூன்று விதிகளைச் சொன்னார்கள்: விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. தோற்றுப்போன சோதனைகளையும் வெளியிட வேண்டும். மறைத்தால், அதே துளையை வேறொருவர் இன்னொரு முயலில் போடுவார்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது, நண்பர்களே. இறந்தபின் எலும்பையும் தானம் செய்யலாம். மலேசியாவில் உறுப்பு, திசு தானத்துக்கு மைசெஜாத்ரா செயலியிலேயே பதிந்துகொள்ளலாம். அதனால் செயற்கை எலும்பின் தேவை தீர்ந்துவிடாது. ஆனாலும், முயலிடம் கேட்காமல் எடுப்பதை நம்மிடம் கேட்டால் நாம் கொடுப்போமா? வீட்டில் அம்மா அப்பாவிடம் இதைக் கொஞ்சம் பேசிப் பாருங்க.