பால்வாடி டீச்சர்தானே என்று இளப்பமாய்ச் சொன்னது யார்?

கணியம்பாடியில் பஸ் ஏறி, பாகாயம் தாண்டி, வேலூர்த் துணிக்கடைக்குப் போய் நாளெல்லாம் நிற்கிறாயே, தங்கச்சி! கால் வலிக்கவில்லையா?

கேட்டால், "வெறும் பிளஸ் டூ படிச்சவளுக்கு வேற என்னண்ணா கிடைக்கும்?" என்கிறாய்.

வெறும் பிளஸ் டூவா? 2025-ல் அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது தமிழக அரசு கேட்ட படிப்பே அதுதான்!

வயது 25 முதல் 35. கைம்பெண்களுக்கும், மணவிலக்கு ஆனவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் 40 வரை. உதவியாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும்.

கதவு திறந்துதான் இருக்கிறது. நீதான் படியேறவில்லை!

"அது என்ன பெரிய வேலை? சோறு போட்டுத் தூங்கவைக்கிறதுதானே?"

யார் சொன்னது? பக்கத்து வீட்டு அத்தையா? ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும். இந்த ஒரு வரியோடு யாருக்குச் சண்டை?

கல்லூரிப் பேராசிரியர் கையில் கிடைப்பது வளர்ந்து முடிந்த பிள்ளை. உன் கையில் கிடைப்பது? இரண்டரை வயது! இப்போது சொல், எது பெரிய வேலை?

சம்பளம் கேட்கிறாய். கேள், தப்பில்லை! 2025 அறிவிப்பில், முதல் ஓராண்டு தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அதற்குப் பிறகு 7,700 – 24,200 என்ற ஊதிய விகிதம். போதுமா? போதாது. உழைப்புக்கு அது குறைவுதான் என்று நானும் சொல்வேன். ஆனால் சொந்த ஊரில், சொந்தக் காலில் நிற்கிற முதல் படி அது.

இன்னும் 25 ஆகவில்லையா? அழாதே. படி!

பிளஸ் டூவில் 50 சதவீதம் இருக்கிறதா? மழலையர் கல்விக்கென்றே இரண்டாண்டு டிப்ளமோ இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த படிப்பு. வீட்டை விட்டுப் போக முடியாதா? இக்னோவில் தொலைநிலையில் ஓராண்டு டிப்ளமோ. அதற்கும் பிளஸ் டூதான் தகுதி.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி, மூன்றே மாதத்தில் மாண்டிசோரி டீச்சர் ஆக்குகிறோம் என்பார்கள். பணம் கட்டுமுன் கேள்: இதற்கு யார் அங்கீகாரம்? எந்த வேலைக்குச் செல்லும்? பதில் வரவில்லையா? எழுந்து வா!

"டெட் பாஸ் பண்ணணுமே!" அந்த ஆசிரியர் தகுதித் தேர்வு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவர்களுக்கு. இல்லாத சுவரில் ஏன் முட்டிக்கொள்கிறாய்?

"எனக்கு இங்கிலீஷ் வராது."

மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரிக்கு என்ன வந்தது? 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தபோது அவருக்கு வயது 69. அவர் இத்தாலிய மொழியில் பேசினார். மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். அடுத்த ஆண்டே இத்தாலி போரில் குதித்தது. அவர் எதிரி நாட்டுக்காரர் ஆனார். பயிற்சியை விட்டாரா? விடவில்லை!

அங்கன்வாடியில் உன்னிடம் கேட்பது தமிழ். சரளமாகத் தமிழ் வாசிப்பாயா? அப்புறம் என்ன பயம்?

உன் நிஜமான பயம் எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் பாடவேண்டும். யானையாக நடக்கவேண்டும். குரங்காகக் குதிக்கவேண்டும். வெட்கம்! படிப்பை விட இதுதான் பலரைத் தடுக்கிறது.

வெட்கத்தைத் தூக்கிப் போடு! முதல் நாள் குரல் நடுங்கும். நடுங்கட்டும். குழந்தை மதிப்பெண் போடாது. மறுபடி பாடச் சொல்லும்.

"நாங்க மலையடிவாரம். மலை மேல நிலைமை இன்னும் மோசம்."

ஜவ்வாது மலைப் புலியூர் ஸ்ரீபதி நீதிபதியான கதையை மேடைக்கு மேடை கேட்டிருப்பாய். நான் இன்னொருத்தியைச் சொல்கிறேன். அனுதாய் வாக். மராட்டியப் பெண். 13 வயதில் கல்யாணம். ஆறே மாதத்தில் கைம்பெண்.

மூலையில் உட்காரவைக்க ஊரே காத்திருந்தது. உட்கார்ந்தாரா? படித்தார். ஆசிரியர் ஆனார். 1945-ல் குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக்கோடு போர்டி கிராமத்துக்குப் போனார். பிறகு கோஸ்பாட் மலைக்கு.

அங்கே வார்லிப் பழங்குடிப் பிள்ளைகள். பள்ளிக்கு வரவில்லை. வருமா? மாடு மேய்க்க ஆள் வேண்டுமே!

அனுதாயும் தாராபாயும் என்ன செய்தார்கள்? பெற்றோரைத் திட்டினார்களா? பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடிசை முற்றத்துக்கே போனார்கள். மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடத்தினார்கள். கூழாங்கல்லும் இலையும் விதையும்தான் பாடக் கருவி. 1985-ல் அனுதாய்க்கு பத்மஸ்ரீ.

உன் தெருவில் கூழாங்கல் இல்லையா? அமிர்தி காட்டில் இலைக்குப் பஞ்சமா?

"போன தடவை இன்டர்வியூ போனேன். கிடைக்கல." சரி, கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டாயா? தட்டுத்தடுமாறி வாசித்தாயா? தினமும் செய்தித்தாளை உரக்கப் படி. குழந்தையைக் கண்டதும் மிரண்டாயா? உன் ஊர் பால்வாடி டீச்சரிடம் கேட்டு, உதவிக்குப் போய் நில். எடை பார்ப்பது எப்படி, பதிவேடு எழுதுவது எப்படி, அழுகிற பிள்ளையை அடக்குவது எப்படி, எல்லாம் கண்ணால் பார்!

திங்கட்கிழமை துணிக்கடைக்கு அரை நாள் லீவு சொல். கணியம்பாடி வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் போ. என் ஊரில் காலியிடம் உண்டா, அடுத்த அறிவிப்பு எப்போது என்று கேள். ஒரு தடவை சொல்லாவிட்டால் மறுபடி போய்க் கேள்!

மார்க் ஷீட், டி.சி., ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இன்றைக்கே எடு!