மூன்று ஜும்ஆக்களை விட்டவரின் கேள்வி

 

ஜும்ஆவை அலட்சியமாக மூன்று முறை விட்டவருடைய இதயத்தின் மீது அல்லாஹு தஆலா முத்திரையிட்டு விடுகிறான் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் மிம்பரில் பலமுறை ஓதியிருக்கிறோம். கடைத்தெருவிலே வியாபாரத்தைக் காரணம் காட்டி ஜும்ஆவைக் கைவிடுகிறவர்களுக்காக ஓதுகிற நபிமொழி இது. அவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டு நடுங்கினார்களோ, அல்லாஹ்வே அறிவான். ஆனால் நடுங்க வேண்டாத ஒருவர் நடுங்கிப்போய் நம்மிடம் வந்தார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, மனைவி தம்முடைய ஒன்றைக் கொடுத்து, 2019-ஆம் ஆண்டு மாற்று சிகிச்சை நடந்தது. மறு ஆண்டே கொரோனா வந்து சேர்ந்தது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தபோது ஊரே வீட்டில் ளுஹர் தொழுதது, அவரும் தொழுதார். பள்ளி திறந்ததும் ஊர் திரும்பியது, அவர் திரும்பவில்லை. டாக்டர் கூட்டத்திற்குப் போகக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று ஜும்ஆவல்ல, முப்பதுக்கும் மேல் போய்விட்டன. "அல்லாஹ் நாடாமல் ஒண்ணும் வராது காக்கா, பள்ளிக்கு வாங்க" என்று முதலில் அன்பாகச் சொன்னார்கள். பிறகு, மௌத்துக்குப் பயந்தவர் என்று பேச்சு எழுந்தது. ஒருவர் வீட்டுக்கே வந்து அந்த ஹதீஸை ஓதிக் காட்டிவிட்டுப் போனாராம். அன்று முதல் அவருக்குத் தூக்கமில்லை. "ஹஜ்ரத், என் கல்பிலே முத்திரை விழுந்துவிட்டதா?" என்று கேட்டபோது அவருடைய குரல் நடுங்கியது.

இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் நம் மஹல்லாக்களில் ஒருவர் இருவரல்லர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்றம் செய்யப்பட்டது. இன்று இந்தச் சிகிச்சை பெற்றவர் இல்லாத ஊர் அரிது. ஆகவே விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று. உறுப்பு மாற்றம் கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1988-இல் நிபந்தனைகளோடு கூடும் என்று தீர்மானித்தது. அந்த விவாதம் இங்கே நமக்கு வேண்டாம். சிகிச்சை நடந்து முடிந்து, உயிரோடு நம்மிடையே வாழ்கிறவரைப் பற்றியே பேசுகிறோம்.

முதலில் அவருடைய உடலின் நிலையை அறிய வேண்டும். அறியாமல் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். அல்லாஹு தஆலா மனித உடலில் ஒரு காவல் படையை அமைத்திருக்கிறான். வெளியிலிருந்து எது நுழைந்தாலும், அது கிருமியானாலும் பிறருடைய உறுப்பானாலும், அந்தப் படை எதிரியென்றே கருதித் தாக்கும். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றம், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கிடையே நடந்தது; அவர்களுடைய உடல்கள் ஒன்றையொன்று அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. மனைவி கொடுத்த சிறுநீரகம் நிலைக்க வேண்டுமானால், காவல் படையை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசலோன் என்ற மாத்திரைகள் அந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் இவற்றைக் குறித்த நேரத்தில் விழுங்கிவர வேண்டும். வாசற்கதவைத் தாமே பாதி திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிறவர் அவர். நமக்கு மூன்று நாள் சளியாக வந்து போவது, அவருக்கு மூச்சுத் திணறலாக முடியலாம்.

இது வெறும் அச்சமல்ல. கொரோனா பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், நியூயார்க் நகரின் மான்டிஃபியோர் மருத்துவமனையில், இந்நோய் தொற்றிய சிறுநீரக மாற்றம் பெற்றோர் 36 பேரில் 10 பேர் சுமார் மூன்று வாரங்களுக்குள் இறந்தார்கள். அதே ஆண்டு நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் இத்தகைய 250 பேரைக் கவனித்ததில், 100-க்கு 11-க்கும் மேற்பட்டோர் மரணமடைந்தார்கள். தடுப்பூசி வந்த பின்னரும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழக வைத்தியர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உறுப்பு மாற்றம் பெற்ற 658 பேருக்கு இரண்டு ஊசிகள் போட்ட பிறகும், 100-க்கு 46 பேருடைய இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தென்படவில்லை. ஊசியை ஏற்றுக்கொண்டு வேலை செய்ய வேண்டிய காவல் படையே அடக்கி வைக்கப்பட்டிருக்கிறதே! கூடுதல் ஊசிகளால் பலருக்கு நன்மை கிடைத்தது. ஆகவே ஊசியால் பயனில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்களைப் போல ஒரு முறை போட்டுக்கொண்டு அவரால் அமைதியாக இருந்துவிட முடியாது என்பதே செய்தி.

இப்பொழுது நபிமொழிக்கு வருவோம். அதிலே 'தஹாவுன்' என்று ஒரு சொல் இருக்கிறது. பொருட்படுத்தாமை, இலேசாக எண்ணுதல் என்பது அதன் பொருள். வேறொரு அறிவிப்பிலே, நிர்ப்பந்தம் எதுவுமின்றி விடுதல் என்று வருகிறது. முத்திரை அந்த அலட்சியத்திற்குத்தான். ஜும்ஆவுக்குப் போக முடியவில்லையே என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பவரிடத்தில் அலட்சியம் எங்கே இருக்கிறது? வீட்டுக்கு வந்து ஹதீஸ் ஓதியவர் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார். நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பது தெளிவான ஹதீஸ். உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்ற நியாயமான அச்சமும் ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் உத்ராகும் என்பது ஃபிக்ஹு நூல்களில் கண்ட சட்டம். மழை பெய்து சேறான ஒரு வெள்ளிக்கிழமையில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கிலே அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். சேற்றுக்கு இருக்கும் சலுகை, உயிருக்கு இல்லாமற் போகுமா?

இங்கே தவக்குல் பேச்சு எழும். அல்லாஹ்வின் மீது பாரம் போட்டவன் ஏன் ஒதுங்க வேண்டும் என்பார்கள். இதே கேள்வியை உமர் (ரலி) அவர்களிடமே கேட்டவர்கள் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவிய செய்தி ஸர்ஃ என்ற இடத்தில் எட்டியபோது, கலீஃபா அவர்கள் ஆலோசனை செய்து திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று பொருள்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோய் இருக்கும் ஊருக்குள் போகவும் வேண்டாம், இருக்கும் ஊரை விட்டு வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். உமரைவிட ஈமான் வலுத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டியதாயிருக்கிறது.

இதைவிட நம்மை உலுக்குவது இன்னொரு நிகழ்ச்சி. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையிலே கல்லடி பட்டுக் காயம். அந்நிலையில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கிறதே, சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், சட்டம் சொன்னவர்களையே அவரைக் கொன்றவர்கள் என்று கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதல்லவா மருந்து என்ற கருத்தில் வருந்தினார்கள். அபூதாவூதில் பதிவான இந்த ஹதீஸை அந்தச் சகோதரரிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மார்க்கப் பற்றினால்தான் சொன்னார்கள். அப்படியிருந்தும் அந்தச் சொல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது, பாருங்கள்! "பள்ளிக்கு வாங்க காக்கா" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

அவர் பாதுகாப்பது தம் உயிரை மட்டுமல்ல. மனைவியின் உடலிலிருந்து வந்த ஓர் அமானிதம் அவரிடம் இருக்கிறது. தொற்றினால் அந்தச் சிறுநீரகம் பழுதாகி, மீண்டும் வாரந்தோறும் டயாலிஸிஸுக்குப் போக நேர்ந்தால், அந்த அம்மையார் கொடுத்ததைத் திரும்ப யார் கொடுப்பது? இதை எண்ணிப் பேசுகிறவர்களை நாம் அதிகம் காணவில்லை.

கேள்வியின் பெரும் பங்கு உண்மையில் நம்மைச் சேர்ந்தது. வெங்காயம், பூண்டு தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாடையால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். காய்ச்சலும் இருமலுமாக வந்து ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவரால் பக்கத்தில் இருப்பவர் மையித்தாகவும் கூடும். நோயுள்ள ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகத்தோடு சேர்க்க வேண்டாமென்பதும் நபிமொழியே. தகீஃப் கூட்டத்தாருடன் வந்த குஷ்டரோகியின் பைஅத்தை, அவர் கூட்டத்தில் வராமலேயே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லியனுப்பினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். சளி பிடித்தவர் அந்த வாரம் வீட்டில் தொழுதால் அவருக்கும் உத்ரு, பிறருக்கும் ரஹ்மத். தாய்மார்களும் கவனியுங்கள்: நலம் விசாரிக்கப் போவது ஸுன்னத்துத்தான், ஆனால் மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். போனிலே விசாரித்தாலும் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். பெருநாளிலே முஸாஃபஹாவும் முஆனகாவும் வேண்டாமென்று அவர் கைகட்டி நின்றால் முறைக்க வேண்டாம். நாவால் ஸலாம் சொன்னால் போதும்.

இனி அந்தச் சகோதரருக்கும் ஒரு வார்த்தை உண்டு. உத்ரு என்பது காரணம் இருக்கும் வரைக்கும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கொரோனாவின் அவசர நிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. கிருமி போய்விடவில்லை; என்றாலும் 2020-இல் இருந்த கடுமை இன்று இல்லை. ஆபரேஷன் முடிந்த முதற்சில மாதங்களிலும், உடல் உறுப்பைத் தள்ளத் தொடங்கி மருந்து கூட்டப்பட்ட காலத்திலும் அபாயம் அதிகம். ஆண்டுகள் கடந்து உடல் நிலைத்தவருக்குக் குறைவு. எனவே தாமாகவே ஆயுளுக்கும் ஜும்ஆ இல்லையென்று முடிவு கட்டாமல், தம்மைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்க வேண்டும். அவர் அனுமதித்தால் முகக்கவசத்தோடு, காற்றோட்டமான வராந்தாவில், கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்று தொழட்டும். தொழுகையில் வாயை மூடுவது மக்ரூஹ்தான். தேவையிருக்கும்போது அந்த மக்ரூஹ் நீங்கிவிடும். தொற்று ஏற்பட்டுவிட்டாலோ, அன்றே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கொரோனா மருந்துகளில் ரிட்டோனவிர் சேர்ந்த ஒன்று டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் அபாயமாக உயர்த்திவிடும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. பழைய மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இத்தகையவர்களின் உடலில் கிருமி பல வாரங்கள் தங்குவதும் உண்டு. ஆகவே குணமான பிறகும் டாக்டர் சொல்லும் வரை ஜமாஅத்துக்கு விரைய வேண்டாம்.

விடுபட்ட முப்பது ஜும்ஆக்களுக்கும் களா உண்டா என்றும் அவர் கேட்டார். இல்லை. அந்நாட்களில் அவர் தொழுத ளுஹர் நான்கு ரக்அத்துகளே அவருக்குரிய பர்ளு, அது நிறைவேறிவிட்டது. நோயுற்ற அடியானுக்கு, அவன் நலமாயிருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் நன்மை எழுதப்படுகிறது என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. சிகிச்சைக்கு முன்னால் பாங்கு சொல்லுமுன்பே பள்ளிக்குப் போய் முதல் ஸஃப்பில் உட்கார்ந்தவர் அவர் என்று ஊரார் சொல்கிறார்கள்.