கடைசிப் பந்தி

காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ளது ஐயம்பேட்டை. பட்டு நெய்வோர் ஊர். விடிந்தது முதல் விளக்கேற்றும் வரை தறியோசை கேட்கும் தெருக்கள், பொங்கல் நாட்களிலே அமைதி பூணும். தறிக்குழியில் இறங்கும் கால்கள் உறவினர் இல்லம் நோக்கி நடக்கும்.

அத்தகைய தெருவொன்றில் புதுமணத் தம்பதியர் இருவர் இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஆவணியிலே திருமணம். கார்த்திகையிலே தனிக்குடித்தனம். தலைப்பொங்கலுக்குப் பெண்ணைப் பெற்றோர் சீர்வரிசை சுமந்து வருவதுதானே வழக்கம்? இவர்களோ, “சீர் வேண்டா, இரு வீட்டாரும் எங்கள் வீட்டில் உண்ண வாருங்கள்” என்று அழைத்துவிட்டனர். வரவேற்கத்தக்க துணிவு! முப்பது பேர் வருகின்றனர். மாமன், அத்தை, சிற்றப்பன், நாத்தனார், அவர்தம் மக்கள். அழைப்பு இருவர் பெயராலும் சென்றது. விருந்து இருவருக்கும் உரியது.

ஆனால் நடப்பது என்ன? விடியுமுன் அடுப்பு மூட்டியவள் அவள். கறிக்குழம்பின் உறைப்பைப் பற்றி மாமியார் என்ன சொல்வாரோ, வடையின் பதத்தைப் பற்றி நாத்தனார் என்ன நினைப்பாரோ என்று நெஞ்சம் நடுங்க நின்றவளும் அவளே. முதல் பந்தியில் ஆடவர் அமர்கின்றனர். கணவனும் அவர்களோடு அமர்கிறான். இரண்டாம் பந்தியில் சிறுவர்களும் முதியோரும். மூன்றாவதில் வந்திருக்கும் பெண்டிர். வெயில் சாயும் வேளையில், இலை தீர்ந்துபோன பின், அடுக்களையின் மூலையில், சட்டியில் ஒட்டிய குழம்பையும் ஆறிய சோற்றையும் ஒரு தட்டிலே இட்டுக்கொண்டு அமர்கிறாள், அனைவரையும் அழைத்தவள். “எல்லாரும் வயிறார உண்டனர், குறையில்லை” என்பதே அவளுக்குக் கிடைக்கும் பாயசம்!

இது பெரிய கொடுமையா என்று கேட்பார் உண்டு. ஒரு வேளை சோறு, சற்றே தாமதம். இதற்கொரு கட்டுரையா என்று நகைப்பாரும் உண்டு. ஒரு வேளைதான். ஆனால் எந்த வேளை? ஓர் இல்லத்தின் முதல் விருந்து, அந்த இல்லத்தின் நடைமுறையை வகுத்துவிடுகிறது. அன்று அவள் அமர்ந்த மூலை, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அவளுடைய மகள் அதைக் கண்டு கற்கிறாள். மகனோ, கண்டும் காணாதிருக்கக் கற்கிறான்.

“விருந்தோம்பல் தமிழர் பண்பாயிற்றே! பிறரை உண்பித்துப் பின் உண்பதன்றோ பெருமை?” என்பர். நன்று. அந்தப் பண்பாட்டின் ஏடுகளையே புரட்டுவோம். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில், கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியைக் காட்டுகிறார். தயிர் பிசைந்த விரலைக் கழுவவும் நேரமின்றி ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணைக் கரிக்கப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுட்பமாய் மலர்கிறது. எத்துணை அழகிய காட்சி! நாமும் பலமுறை படித்து மகிழ்ந்ததுண்டு. ஆயின் அவள் உண்டாளா? பாட்டு அதைக் கூறவில்லை.

சிலம்பைத் திறப்போம். மனையறம்படுத்த காதையில், கோவலனின் தாய் மணமக்களைத் தனி மனையில் அமர்த்துகிறாள். அறம் செய்தும் விருந்து புறந்தந்தும் அவர்கள் வாழ்வதைக் காணவேண்டும் என்பது அவள் விருப்பம். தனிக்குடித்தனமே விருந்துக்காக! பின்னர் அந்த மனை கலைந்தது. மதுரையில், மாதரி தந்த குடிலில், கண்ணகி காய் அரிந்து, விரல் சிவக்க, முகம் வியர்க்கச் சமைத்து இலையிட்டுப் படைக்கிறாள். கோவலன் உண்டதைக் கூறுகிறார் இளங்கோ. அவனுக்கு அவள் வெற்றிலை தந்ததையும் கூறுகிறார். அவன் பிரிந்திருந்த நாட்களில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்ததாக அவள் வருந்துவதும் உண்டு. கணவனின்றி விருந்தோம்பும் உரிமையும் அவளுக்கில்லை! அன்று கண்ணகி எப்போது உண்டாள்? அதற்கு மட்டும் வரியில்லை. புலவர்தம் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு அது வழக்கமாயிருந்தது என்பதே நம் ஐயம்.

வள்ளுவர் ஓரிடத்தில் வேறுவிதமாய்க் கணக்கிட்டிருக்கிறார். இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரைக் கூறுகையில் விருந்தினரைத் தனியாகவும் சுற்றத்தாரைத் தனியாகவும் வைத்து, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். தன்னைப் பேணுதலும் அறத்தின் பட்டியலில் உண்டு! அந்தத் ‘தான்’ ஆடவனுக்கு மட்டும் உரியதென்று எந்த உரை சொல்லுமோ, அந்த உரையை நாம் ஏற்பதற்கில்லை.

இனி நம் வீட்டுக் குறைக்கு வருவோம். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கிய வழக்கு ஒன்று உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனி உணவு. பொதுமக்கள் பணத்திலே நடக்கும் இடத்தில் தனிப் பந்தியா என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டனர். பந்தியிலே பிரிப்பது மனிதனைப் பிரிப்பதாகும் என்பதை நாடு அன்று கற்றது. நாமும் கற்றோம், மேடைதோறும் முழங்கினோம், சமபந்தி நடத்தினோம். முழங்கி முடித்து வீடு திரும்பி, கைகழுவி, முதல் பந்தியிலே அமர்ந்தோம்! தனிப் பந்தி நம் அடுக்களையிலேயே இருந்தது. அதற்கு எதிராக நாம் எந்தத் தீர்மானமும் கொண்டுவரவில்லை. வெட்கத்துடன் இதை எழுதுகிறோம்.

இந்தத் தம்பதியரின் திருமணம் எப்படி நடந்திருக்கக் கூடும்? 1967-இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968-இல் நடைமுறைக்கு வந்த இந்து திருமணத் திருத்தச் சட்டத்தின்படி, புரோகிதரின்றி, உற்றார் முன்னிலையில், “உன்னை என் துணையாக ஏற்கிறேன்” என்று புரிந்த மொழியிலே இருவரும் கூறி மாலை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆவணியிலே இருவரும் கூறியது ஒரே வகைச் சொல். தையிலே ஒருவருக்கு முதல் இலை, மற்றவருக்கு இலையே இல்லை. ஐந்து மாதத்தில் என்ன நேர்ந்தது?

தறியைப் பார்ப்போம். அவர்கள் வாழ்வே அதுதானே! காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு வேறு வண்ணம். இரண்டும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு, இழையோடு இழை பின்னிக் கோக்கப்படும். நெய்பவர் ஒருவர், கரை நாடாவை எறிய அருகே மற்றொருவர் வேண்டும். ஒருவர் கை தவறினால் சேலை கெடும். பல இல்லங்களில் அந்த இரண்டாவது கை மனைவியின் கை. பட்டிழை இழைப்பதும், தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும் பெரும்பாலும் பெண்கள் உழைப்பே. கூலியோ சேலைக்கு ஒன்றாய், ஒரு பெயரில் வருகிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் அவள் பெயர் அன்று.

முப்பது பேருக்கு விருந்து என்றால் பணம் எங்கிருந்து வரும்? பட்டுத் தறியாளர் பலர் அறிந்த வழி முன்பணம். தறி முதலாளியிடம் இன்று வாங்குவர். நெய்து நெய்து கழிப்பர். கழியும் வரை வேறொருவருக்கு நெய்ய இயலாது. கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணத்தின் பிடியோ பல தறிகளை விடவில்லை. தறியிலே பக்கத்தில் அமர்ந்து அந்தக் கடனைக் கழிக்கப்போகும் கைகளில் இரண்டு அவளுடையவை. கடனிலே பாதி அவளுக்கு. கறியிலே?

எனவே நாம் அந்த இளைஞனிடம் வேண்டுவது பெரிதன்று. முப்பது பேருக்குப் பதில் பன்னிரண்டு பேரை அழைக்கட்டும். முன்பணம் வேண்டா. வடை குறையட்டும், வாழைக்காய்ப் பொரியலோடு நிற்கட்டும். எல்லாவற்றையும் சமைத்து நடுவிலே வைத்துவிட்டு, இருவரும் விருந்தினரோடு ஒரே பந்தியில் அமரட்டும். வேண்டியதை அவரவர் எடுத்து, பக்கத்திலிருப்பவருக்கும் இடட்டும். உறவினர் உண்ண வந்தவர்தாமே. தீர்ப்பளிக்க வந்த நடுவர் அல்லரே!

எதிர்ப்பு வரும். பெரும்பாலும் ஆடவரிடமிருந்து அன்று, அத்தையிடமிருந்து. “டேய், கரண்டி எதுக்குடா ஒன் கையில? பொம்பள வேலை ஒனக்கெதுக்கு? ஏம்மா, நீ எழுந்து பரிமாறு, அப்பால சாப்பிடலாம்” என்பார். ஐம்பது ஆண்டுகள் மூலையில் உண்டவர் அவர். தாம் பட்டதற்கு ஒரு பொருள் இருந்ததென நம்ப விரும்புகிறார். அவரைப் பழித்துப் பயனில்லை. “நீங்களும் உட்காருங்க அத்தை, நான் போடறேன்” என்று அவன் சொல்லட்டும். அவர் மறுப்பார். மீண்டும் சொல்லட்டும். மருமகள் தன் பக்கத்திலே ஓர் இலையை விரித்து வைக்கட்டும். அத்தை தயங்கித் தயங்கி அமர்வார்; பாதி சோற்றில் இரண்டு முறை எழ முயல்வார். குழம்பில் உப்பு குறைவென்றும் சொல்வார். சொல்லட்டுமே. சூடாயிருக்கும்போதே உண்டதனால் தெரிந்த குறை அது.